ரெண்டு சீட்டுக் காரில் ஏறிய மழை

கோணப்பட்டிக்காரர்களைப் பற்றி யாராவது தாழ்வாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். என் மாமனார் ஊர் அது. சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் செய்கிறவர்கள். "கொஞ்சம் இங்கேயே நில்லுங்க, இதோ வந்துடறேன்" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிட்டால், மறுநாள் காலையிலும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். அப்பேர்ப்பட்ட ஊரே பார்த்து, "பாவம், வெவரம் பத்தாத ஆளுங்க" என்று சொல்லும்படி நான்கு பேர் இருந்தார்கள்.

மூத்தவன் பெத்தணன். இரண்டு தடவை மதுரைக்குப் போய் வந்தவன் என்பதால் யோசிக்கும் வேலையை அவனிடம் விட்டிருந்தார்கள். சடையாண்டிக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும். காத்தமுத்துவுக்குச் சந்தேகம் கேட்கத் தெரியும். மொக்கையனுக்கு இரண்டு ஏக்கர் கடலைக்காடும், ஒச்சம்மாள் என்ற பெண்டாட்டியும் உண்டு. இரண்டையும் பார்த்துக்கொண்டது ஒச்சம்மாள்தான்.

ஆடித் தள்ளுபடியில் நால்வரும் டவுனுக்குப் போய் ஆளுக்கொரு வேட்டி எடுத்தார்கள். நாலு வேட்டிக்கும் சேர்த்து ஒரு கூப்பன் கொடுத்தார்கள். அந்தக் கூப்பனுக்கே முதல் பரிசு விழுந்துவிட்டது. சிவப்பு நிறத்தில், ரெண்டே சீட்டு வைத்த, கூரை திறந்து மூடும் ஸ்போர்ட்ஸ் கார்.

கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, சாவியைக் கொடுத்து, இரண்டு விஷயம் சொன்னான்.

"சார், இதுல ரெண்டு பேருக்கு மேல உக்காரக் கூடாது. மழை வந்ததும் இந்தப் பட்டனை அழுத்துங்க. கூரை தானா மூடிக்கும்."

அவன் போனதும் நால்வரும் காரைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"நாம நாலு பேரு. சீட்டு ரெண்டு. மிச்ச ரெண்டு பேரு என்னண்ணே செய்யிறது?" என்றான் காத்தமுத்து.

பெத்தணன் கண்ணை மூடி யோசித்தான். "உக்காரக் கூடாதுன்னுதானடா சொன்னாப்புல. நிக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

"ஆமாண்ணே!"

"நிக்கிறவனுக்குத் தலை இடிக்கக் கூடாதுன்னுதான் கூரை இல்லாமச் செஞ்சிருக்கான். வெள்ளைக்காரன் மூளையே மூளை."

அன்றிலிருந்து சடையாண்டி ஓட்ட, இன்னொருவன் பக்கத்தில் உட்கார, மற்ற இருவரும் ஆளுக்கொரு சீட்டில் ஏறி, உட்கார்ந்திருப்பவனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி ஊரைச் சுற்றினார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஒரு புளியங்கிளை தாழ்ந்திருக்கும். அந்த இடம் வரும்போதெல்லாம் காத்தமுத்து கிளையிலேயே தங்கிவிடுவான். அடுத்த சுற்றில் வந்து அவனை இறக்கிக்கொள்வார்கள்.

கூரையை மட்டும் அவர்கள் மூடவே இல்லை. வெயில் கொளுத்தியது. சீட்டில் உட்கார்ந்தவன் துள்ளி எழுந்தான். ஒரு வெள்ளாடு உள்ளே இறங்கிப் பாதி சீட்டைத் தின்றது.

"பட்டனை அழுத்துனா என்னய்யா?" என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள்.

"மழை வந்ததும் அழுத்தச் சொல்லியிருக்காப்புல. வராதப்ப அழுத்துனா அது பொய் சொன்ன மாதிரி ஆயிரும்" என்றான் பெத்தணன்.

மழைதான் வரவில்லை. ஆடியில் விதைக்க ஒரு மழை பெய்ததோடு சரி. புரட்டாசியும் பிறந்து, மொக்கையன் காட்டில் கடலை காய்ப்பிடிக்கிற நேரம், செடி இலையைச் சுருட்டிக்கொண்டது. ஒச்சம்மாள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றிப் பார்த்து இடுப்பொடிந்து போனாள். ஒரு நாள் காலையில் நடுரோட்டில் காரை மறித்தாள்.

"இந்தா பாருய்யா. நீ பொம்மை வண்டியில நின்னுக்கிட்டுத் திரியிற. அங்க காடு காயுது. ரெண்டு நாளு பாப்பேன். மழை இல்ல, கடலை போச்சுன்னா, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நீ காரையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து."

மொக்கையனுக்கு உயிரே போய்விட்டது. ஒச்சம்மாள் என்றால் அவனுக்கு அவ்வளவு ஆசை. அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்பும் அவனுக்கு உயிர். இரண்டையும் நினைத்து விம்மி விம்மி அழுதான்.

"அழாதடா" என்றான் பெத்தணன். "நம்ம ஊருல இல்லன்னா என்ன? மலையடியில, தொப்பம்பாறையில, தெனமும் மத்தியானம் பெய்யுதாம். போய் ஓட்டிக்கிட்டு வந்துருவோம்."

"மழையை எப்படிண்ணே ஓட்டிக்கிட்டு வர்றது?" என்று கேட்டான் காத்தமுத்து.

"பசு வரமாட்டேன்னு அடம் பிடிச்சா நீ என்ன செய்வ?"

"கன்னுக்குட்டியத் தூக்கிக்கிட்டு முன்னால நடப்பேன். பசு தானா பின்னாலயே வரும்."

"அவ்வளவுதான்."

"மழையில கன்னுக்குட்டி எதுண்ணே?"

"பெருமழைக்கு முன்னால பொசுபொசுன்னு ஒண்ணு பெய்யும்ல? அதான் கன்னுக்குட்டி. அதை வண்டியில ஏத்திக்கிட்டு வந்துட்டா, தாய் மழை கத்திக்கிட்டே பின்னால வந்துரும்."

"ஏத்துனா கீழ குதிச்சிராதா?"

பெத்தணன் எழுந்து நின்றான். அவன் முகத்தில் அப்படியொரு தெளிவு. "அதுக்குத்தாண்டா பட்டனு! மழை வந்ததும் அழுத்து, மூடிக்கும்னு அந்தத் தம்பி படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனான். நமக்குத்தான் புரியல."

நால்வருக்கும் உடம்பு புல்லரித்துவிட்டது. அந்தப் பையன் போன திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்கள்.

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். தொப்பம்பாறை பன்னிரண்டு கிலோமீட்டர். போய்ச் சேர்ந்ததும், கார்க் கதவின் இடுக்குகளில் களிமண்ணைக் குழைத்து அப்பினார்கள். ஒரு டீக்கடை முன்னால் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குச் சரியாகத் தூறல் ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் வலுத்தது. டீக்கடைக்காரர் பதறிப்போனார்.

"ஏப்பா, வண்டி நனையுதுப்பா! மூடுங்கப்பா!"

"சத்தம் போடாதீங்கண்ணே. மெரண்டுரும்" என்று கிசுகிசுத்தான் பெத்தணன்.

காருக்குள் தண்ணீர் கணுக்கால் அளவு ஏறியது. மொக்கையன் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றான். "அழுத்தட்டுமாண்ணே?"

"இருடா. இப்ப காலு மட்டுந்தான் உள்ள வந்திருக்கு. இப்ப மூடுனா நசுங்கிரும்."

ஒரு மணி நேரம் பெய்து, தண்ணீர் சீட்டை மூழ்கடித்து, ஸ்டியரிங்கைத் தொட்டதும் பெத்தணன் கையை ஆட்டினான். மொக்கையன் அழுத்தினான். கூரை மெதுவாக எழும்பி வந்து, டப்பென்று மூடிக்கொண்டது. குட்டி மழை உள்ளே அகப்பட்டுவிட்டது.

இப்போது ஒரு சிக்கல். சடையாண்டி கதவருகே போய், தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அண்ணே, ரெண்டு சீட்டுலயும் மழை உக்காந்திருக்கு. நான் எங்க உக்காருறது?"

"உக்காரக் கூடாதுடா. கணக்கு முடிஞ்சு போச்சு."

"நிக்கலாமாண்ணே?"

"மூடியாச்சு. தலை இடிக்கும்."

ஆகவே, இஞ்சின் நல்ல நிலையில் இருந்த ஒரு காரை நான்கு பேரும் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளினார்கள். சடையாண்டி ஜன்னல் இடுக்கில் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். மற்ற மூவரும் பின்னால். பாதி வழியில் காத்தமுத்து திரும்பிப் பார்த்துவிட்டு அலறினான்.

"அண்ணே! தாய் வருது!"

மலைப் பக்கமிருந்து கருகருவென்று ஒரு மேகம் அவர்களைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. காற்று அந்தத் திசையில் அடித்தது என்று நீங்கள் சொல்வீர்கள். அதைப் போய்க் கோணப்பட்டியில் சொல்லிப் பாருங்கள். இடி இடித்தது.

"கத்துது பாரு. பெத்த வயிறு" என்றான் பெத்தணன்.

பொழுது சாய்கிற நேரத்தில் மொக்கையன் காட்டோரம் வந்து சேர்ந்தார்கள். மேகமும் வந்து சேர்ந்தது. அப்புறம் பெய்தது பாருங்கள் ஒரு மழை! கடலைச் செடி ஒவ்வொன்றும் தலையை நிமிர்த்திக் குடித்தது. நால்வரும் அதைப் பார்க்கவில்லை. காரின் இரண்டு கதவுகளிலும் இருவர் இருவராக முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒச்சம்மாள் ஓடி வந்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு. "யோவ்! மழைய்யா! கடலை பொழச்சுக்கிச்சு! நான் எங்கயும் போகல. ஆமா, எதுக்குய்யா கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?"

"கிட்ட வராத புள்ள!" என்று கத்தினான் மொக்கையன். "தாய் பால் சொரியுது. கன்னு அவுத்துக்கிச்சுன்னா மொத்தத்தையும் அதுவே குடிச்சிரும். காட்டுக்கு ஒரு சொட்டு மிஞ்சாது!"

ஒச்சம்மாளும் கோணப்பட்டியில் பிறந்தவள்தான். சாக்கைக் கீழே போட்டுவிட்டு அவளும் வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். புருஷன் பெண்டாட்டி தோளோடு தோள் உரச நனைந்தார்கள். மொக்கையன் சந்தோஷத்தில் அழுதான். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

ராத்திரியெல்லாம் பெய்த மேகம் விடியும்போது வடக்கே போய்விட்டது. கன்று மட்டும் காரிலேயே நின்றுவிட்டது. சரி, இருக்கட்டும், வளர்ப்போம் என்று முடிவு செய்தார்கள். அடுத்த ஆடிக்குள் அது பெருமழையாகிவிட்டால், ஊரில் எவனும் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. காரைத் தொழுவத்தில் கட்டினார்கள். தினமும் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊற வைத்து, ஒரு கட்டு அகத்திக்கீரையோடு முன்னால் வைத்தார்கள். வைத்ததெல்லாம் காலையில் காலியாகிவிடும். பக்கத்தில் கட்டியிருந்த வெள்ளாடும் நன்றாகக் கொழுத்து வந்தது.

ஆனால் கன்று தேறவில்லை. களிமண் காய்ந்து வெடித்த இடத்தில் கசிந்து, நாளுக்கு நாள் உள்ளே தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. ஸ்டியரிங் அளவு இருந்தது சீட்டளவு ஆனது. சீட்டளவு இருந்தது முழங்காலளவு ஆனது. மொக்கையனுக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தார்கள். டாக்டர் பவுனுத்தாய் வெளியூரில் படித்துவிட்டு வந்தவர். ஆனால் உள்ளூர்ப் பெண்.

டாக்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். கதவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"ரொம்ப எளைச்சிருக்கே. என்ன போடுறீங்க?"

"பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, அகத்தி. ஒரு கொறையும் வைக்கல டாக்டரம்மா" என்றான் பெத்தணன்.

டாக்டர் நிமிர்ந்து நால்வரையும் கோபமாகப் பார்த்தார்.

"அதெல்லாம் சரிய்யா. தண்ணி காட்டுனீங்களா?"

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒச்சம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.