எட்டு மணி மெட்டு

அருமைநாதனுக்குப் பொறுக்கவில்லை. மறுபடியும் அதே பதில்.

"இன்னும் வரல அருமை," என்றார் பாகீரதி டீச்சர்.

"எது வரல டீச்சர்? சுதி விலகியிருக்கா? தாளம் தப்பியிருக்கா?"

"அதெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு."

"பின்னே?"

டீச்சர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

ஒரு காலத்தில் தினமும் இரவு எட்டு மணிக்கு 'மூன்று ஜன்னல்' என்றொரு டிவி தொடர் ஓடியது. அதன் தொடக்க இசை பாகீரதி டீச்சர் போட்டது. ஒரு வயலின், ஒரு தபலா, கடைசியில் ஒரு பெண்குரல், அவ்வளவுதான். அந்த நேரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் வீட்டுக்கு வீடு அந்த மெட்டு கேட்கும். இப்போது அந்தத் தொடரைப் புதிதாக எடுக்கிறார்கள். பழைய மெட்டையே சிந்தசைசரில் செய்து தரும்படி அருமைநாதனிடம் கேட்டிருந்தார்கள்.

அவர் டீச்சரிடம் கீபோர்டு கற்றுக்கொண்டவர். டீச்சரைவிட நாலைந்து வயதுதான் சின்னவர். தலை நரைத்துவிட்டது. யார் யாருடைய இசைக்கோ வாசித்தாரே தவிர, அவர் பெயர் ஒருநாளும் டிவியில் வந்ததில்லை. இந்தத் தடவை வரும். ஆனால் மெட்டுக்காரி சம்மதித்தால்தான் வரும். நாளைக்குள் சம்மதம் கிடைக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"கம்பெனிக்காரங்க கேட்டுட்டு கை தட்டினாங்க," என்றார் அருமைநாதன். குரல் உயர்ந்துவிட்டது. "உங்களுக்கு மட்டும் பிடிக்கல. ஏன்னு நான் சொல்லட்டுமா? உங்களுக்கு மிஷின்னாலே ஆகாது. வயலின்ல வந்தா சங்கீதம், ஒயர்ல வந்தா இரைச்சல்."

"அன்னிக்கு எனக்கு சிந்தசைசர் கிடைச்சிருந்தா விட்டிருப்பேன்னா நினைக்கற?"

"அப்ப பொறாமை!"

சொன்ன பிறகுதான் அவருக்கே திக்கென்றது. டீச்சர் சிரித்தார்.

"இருக்கும். அதுவும் கொஞ்சம் இருக்கும். சரி, அடுப்புல பால் வெச்சிருக்கேன், போய்ப் பாத்துக்கோ. பொங்கவிட்டுடாதே. நான் இதை டிவியில போட்டு இன்னொரு வாட்டி கேக்கறேன்."

நான் என்ன இவங்க வீட்டுச் சமையல்காரனா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே போனார். நீளமான வீடு. அடுப்படி கடைக்கோடியில் இருந்தது. ஓர் அடுப்பில் பால், இன்னொன்றில் குக்கர். மேலே புகையை இழுக்கும் மின்விசிறி கரகரவென்று சுற்றியது. பக்கத்து வீட்டில் மிக்ஸி. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தது. பாலைப் பார்த்தபடி, டீச்சரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக யோசித்துக்கொண்டு நின்றார். மாடியில் யாரோ மெத்தையைத் தட்டுவதுபோல டொம் டொம் என்று ஒரு சத்தம். பால் எழும்பியது. அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

"ஏன் டீச்சர், போடவே இல்லையே?"

"ரெண்டு வாட்டி போட்டாச்சு."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அதெப்படி? சத்தத்தைக் குறைச்சு வெச்சிருப்பீங்க!"

"நீயே வந்து வை. உன் இஷ்டத்துக்கு வை. பழசையும் அதே சத்தத்துல போடறேன்."

வைத்தார். திரும்பவும் அடுப்படிக்குப் போனார்.

"குக்கரை அணைச்சுடாதே!" என்று டீச்சர் பின்னாலிருந்து கத்தினார். "அப்புறம் நான் ஏமாத்திட்டேன்னு சொல்லுவே!"

மிக்ஸி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் செய்த மெட்டிலிருந்து முன்பு கேட்ட அதே டொம் டொம் மட்டும்தான் வந்து சேர்ந்தது. குக்கர் விசிலடித்தது. அத்தனை இரைச்சலுக்கும் மேலே, அவற்றில் எதுவும் எட்டாத உயரத்தில், பழைய மெட்டின் வயலின் அந்த முதல் இழுப்பை இழுத்தது. அருமைநாதனின் கை தானாகக் குக்கர் அடுப்பைச் சிறிதாக்கியது. பெண்குரல் முடியும்போது அவர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார், ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி.

எப்போது வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அதனால் கோபம் இன்னும் கூடியது.

"சரி, அடுப்படிக்குக் கேக்குது. கேட்டா என்ன? யாரு டீச்சர் அடுப்படியில நின்னு டிவி பாக்கறா?"

டீச்சரின் சிரிப்பு போய்விட்டது.

"யாரா? எங்க அண்ணி. அதுக்கு முன்னெல்லாம் எட்டு மணி நாடகத்துக்கு எங்க வீட்டுக் கூடத்துல ஆம்பளைங்க எல்லாரும் வரிசையா உக்காந்திருப்பாங்க. உள்ளே அண்ணி தோசை வாத்துக்கிட்டு நிப்பாங்க. அவங்களுக்கும் நாடகம்னா உசுரு. ஆனா 'ஆரம்பிச்சாச்சு, வா'ன்னு ஒரு மனுஷன் குரல் குடுத்ததில்ல. தோசை வரலேன்னாத்தான் குரல் வரும். எனக்கு வயிறு எரியும். யாரும் கூப்பிடாட்டிப் போகட்டும், என் மெட்டாவது கூப்பிடட்டும்னு போட்டது அது. அடுப்பைத் தணிச்சு, கையைத் துடைச்சு, வந்து உக்கார்ற வரைக்கும் ஓடும். இவ்வளவு நீளம் எதுக்குன்னு டைரக்டர் சண்டைக்கு வந்தார். நான் குறைக்கல."

அருமைநாதன் மேஜைமேல் கிடந்த ஹெட்போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"நீ சிந்தசைசர்லயே செய். எந்தச் சத்தத்தை வேணாலும் போடு. அடுப்படிக்குக் கேக்கணும். கேட்டா இப்பவே சரின்னு சொல்றேன். ராத்திரி முழுக்க இருக்கு."

"அது அந்தக் காலம் டீச்சர்," என்றார் அவர், விட்டுக்கொடுக்க மனமில்லாமல். "இப்ப ஓடி வரவே வேண்டாம். உள்ளே யாராவது வேலையா இருந்தா, அவங்க வர்ற வரைக்கும் படத்தை அப்படியே நிறுத்தி வைக்கலாம். ஒரு பட்டன் போதும்."

"உங்க வீட்டுல, அடுப்படியில நிக்கறவங்களுக்காக அதை யாரு அமுக்கறது?"