மரத்தடியில் ஊற்றிய பால்

கடல் தாண்டிப் படிக்கப் போனவள் ஒருத்தி. அருள்சீலி என்று பெயர். குளச்சல் பக்கத்துப் பெண். எட்டு மாதப் பிள்ளையைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு, குளிர் தேசம் ஒன்றில் பிரசவம் பார்க்கும் படிப்புக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

அவளுக்கு வாய்த்த ஆசிரியை ஆரணி. யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன வயதிலேயே வந்து அந்த ஊரில் வளர்ந்தவர். அருள்சீலியைவிட நான்கு வயது இளையவர். கான்வென்ட் பழக்கம் விடாமல் இவள் அவரை மிஸ் என்றாள். அவரோ இவளை அக்கா என்றார். இருவரும் விட்டுக் கொடுக்கவில்லை.

வந்து ஆறு நாள். அறைப் பூட்டைத் திறக்கும் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. எந்த பஸ் எங்கே போகும் என்பதும் பிடிபட்டுவிட்டது. ஊர் மாறிவிட்டது என்று மார்புக்கு மட்டும் தெரியவில்லை. அங்கே பிள்ளை கண் விழிக்கும் நேரத்துக்கு இங்கே அது கனத்தது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே சட்டை நனைந்தது.

தாய்ப்பாலைக் கால் மிதிபடும் இடத்தில் ஊற்றுவது அவள் வீட்டில் வழக்கமில்லை. குழாயடியில் ஊற்றவும் மனம் வரவில்லை. ஒரு கோப்பையில் பீய்ச்சி எடுத்து, கல்லூரி முற்றத்தில் நின்ற மரத்தின் வேரடியில் கொண்டு போய் ஊற்றினாள். இந்தியாக்காரி மரத்துக்குத் தேநீர் கொடுக்கிறாள் என்று கூடப் படிக்கிறவர்கள் சிரித்தார்கள்.

ஆறாம் நாள் ஆரணி அந்த மரத்தடிக்கு வந்தார்.

"என்னக்கா, மரத்துக்கு நேர்த்திக்கடனோ?"

"இல்ல மிஸ். பால்."

ஆரணியின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. "வத்த விடேல்லையோ?"

"வத்த விடாம வச்சிருக்கேன். கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போவேன்லா. அப்ப குடிப்பான்."

"அதுக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கு."

"கிடக்கட்டும்னுதான் இருந்தேன்." கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். படிப்பை விட்டுப் போகிறேன் என்ற கடிதம். "இதுல நீங்க ஒரு கையெழுத்துப் போடணும் மிஸ்."

ஆரணி அதை வாசித்தார். "என்ன நடந்தது?"

"முந்தாநேத்து தங்கச்சி பெனிலா கூப்பிட்டா. அவளுக்கும் கைப்பிள்ளை உண்டு. என் மவன் ஜெபின் புட்டியத் தட்டித் தட்டி விட்டுட்டு ஒரே அழுகையாம். இவளுக்குப் பொறுக்கல. தன் பாலைக் குடுத்திருக்கா. குடிச்சிட்டு உறங்கிட்டானாம். உனக்க மவன் பிழைச்சுக்கிடுவான் அக்கான்னு சந்தோஷமாச் சொல்லுதா."

"நல்லதுதானே."

"நல்லதுதான்." கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை. "அன்னையிலிருந்து அவ கூப்பிட்டா நான் எடுக்கதில்ல."

"ஏனக்கா?"

"அவ பாலுக்குப் பழகிட்டான்னா, என்னைய அவன் எதுக்கு மிஸ் தேடப் போறான்?"

ஆரணி கடிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"கையெழுத்து வைக்கிறன். அதுக்கு முன்னம் ஒருக்கா என்னோட வாங்கோ."

கல்லூரியை ஒட்டியே ஆஸ்பத்திரி. இரண்டாம் மாடியில் குறைமாதப் பிள்ளைகளின் அறை. கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் பெண் குழந்தை கிடந்தது. பிறந்து இருபத்துமூன்று நாள். நூல் போன்ற குழாய் வழியாக நர்ஸ் பாலை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டிருந்தாள்.

"தாய்க்காரி எங்க மிஸ்?"

"இப்ப வருவா. அவவுக்குப் பால் ஊறேல்லை."

"அப்ப இது?"

"வேற தாய்மார் குடுக்கிறது. இதுவரைக்கும் பதினொரு பேர்."

"பதினோரு பேரா! பாவம்."

"ஆர், பிள்ளையோ?"

"பிள்ளைக்கென்ன? நான் அம்மாவச் சொன்னேன்."

அப்போது தாய் வந்தாள். நெடுநெடுவென்று உயரம். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பெட்டியின் துளை வழியாகக் கையை விட்டாள். அடித்தொண்டையில் ஏதோ சொன்னாள். குழந்தை கண் திறக்கவில்லை. தலையை மட்டும் அந்தக் குரல் வந்த பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியது. குழாயில் பால் இறங்கிக்கொண்டே இருந்தது.

அருள்சீலி ஆரணியின் பக்கத்தில் நகர்ந்தாள்.

"இவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் மிஸ். பாடம் இங்கிலீஷ்ல நடக்கதால ஒப்பேத்துதேன், இந்த ஊர்ப் பாஷை எனக்கு வரல."

"சொல்லுங்கோ, நான் கேக்கிறன்."

"யார் யார் பாலையோ இது குடிக்கதைப் பாக்க, உங்களுக்கு எப்பிடி இருக்குன்னு கேளுங்க."

ஆரணி கேட்டார். அந்தப் பெண் கையை வெளியே எடுக்காமலே பதில் சொன்னாள். நடுவில் ஒருதரம் சிரித்தாள். பிறகு அருள்சீலியைப் பார்த்து அவளும் ஏதோ கேட்டாள்.

"என்ன சொல்லுதாங்க?"

"முதல் நாள் உள்ளுக்கே வரேல்லையாம். அந்தக் கதவுக்கு வெளியில நிண்டு அழுதாவாம்."

"ரெண்டாம் நாளு?"

"ரெண்டாம் நாள் வந்து, பிள்ளை எத்தினை கிராம் கூடியிருக்கெண்டு கேட்டாவாம்."

அருள்சீலி கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னையப் பாத்தும் என்னமோ கேட்டாங்களே?"

"ஓம். உங்களுக்கும் ஒரு பிள்ளை இருக்கெண்டு சொன்னனான்." ஆரணி குரலைத் தாழ்த்தினார். "அவன் இப்ப எப்பிடி இருக்கிறான் எண்டு கேக்கிறா."

அருள்சீலி வாய் திறந்தாள். இரண்டு நாளாக அது அவளுக்கே தெரியாது.