கீறாமல் புதைத்த ஆடு

இதை முதலில் சொன்னவர் கால்நடை மருத்துவர் நல்லதம்பி. ஆற்றாமை தீராமலே சொன்னார்.

அவருக்கு ஆசான் எஸ்தர் அம்மையார். வயதில் அவருக்கு இளையவர். அறுக்குமுன் ஆடுகளை உயிரோடு நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று அந்த நகராட்சியில் முதன்முதலாக விதி வகுத்தவர். அதற்காக அவர் வாங்காத ஏச்சில்லை.

ஒரு காலை, அறுவைக்கூடத்துப் பட்டியில் ஓர் ஆடு செத்துக் கிடந்தது. மூக்கில் உறையாத கருங்குருதி.

“அடைப்பான் நோய்,” என்றார் எஸ்தர். “கத்தி படக்கூடாது. சுண்ணாம்பு கொட்டி ஆழப் புதையுங்கள். மற்ற ஆடுகளும் பட்டியை விட்டு நகரக்கூடாது.”

அறுவைக்கூடக் குத்தகைதாரர் மாசானம் தலையில் அடித்துக்கொண்டு நல்லதம்பியிடம் பாய்ந்தார்.

“நாளைக்குக் கல்யாணப் பந்திவே! நெரிசல்ல செத்த ஆட்டுக்கு நோயாம்! துட்டு வரலைன்னு நேராச் சொல்லும்!”

நல்லதம்பிக்கு முகம் சிவந்தது. கத்தியை எடுத்துவிட்டார்.

“மண்ணீரலைக் கீறுகிறேன் அம்மா. கருத்துக் குழைந்து கிடப்பதை இவரே பார்க்கட்டும்.”

“திறந்தால் நோய் ஆள்களுக்கும் தொற்றும், மண்ணிலும் இறங்கும். பல்லாண்டு அங்கேயே கிடக்கும். கத்தியைக் கீழே வையுங்கள்.”

“திறக்காவிட்டால் எதைக் காட்டி என் பெயரைக் காப்பேன்?”

எஸ்தர் ஆட்டின் காதுநுனியில் ஒரு துளி குருதி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஆட்டைக் கீறாமலே புதைத்தார்கள். போதாக்குறைக்கு, அந்தத் தகடும் வழியிலேயே நொறுங்கிப்போயிற்று.

நல்லதம்பி லஞ்சம் கேட்டதாக மாசானம் மனுக் கொடுத்தார். பழி உறுதியானால் வேலை போகும். நகராட்சித் தலைவர் மூவரையும் அழைத்து விசாரித்தார்.

“வெளியூர்ல ஆடு வாங்கி, கல்யாணமும் முடிஞ்சு, மறுவீடும் ஆயாச்சு அய்யா,” என்று மாசானம் முழங்கினார். “ஊர்ல ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் உண்டா? என் ஆள்கள் கையில ஒரு கொப்புளம் உண்டா? ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நோயாம் நோய்!”

எஸ்தர் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நல்லதம்பி பல்லைக் கடித்தார்.

“அம்மா, இப்போதாவது வாய் திறந்து பேசுங்கள். அவருக்கு ஒரு பதில் சொல்லக்கூடாதா?”

“நம் பதிலைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்,” என்றார் எஸ்தர்.