மாடத்தி வாசலில் வேப்பிலை

ஆற்றங்கரை மடத்தில் அப்போது இரண்டே பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். சுவாமியும், அவருடைய சீடர் குற்றாலிங்கமும். பேதி நோய் ஊருக்குள் நுழைந்த வாரமே மற்ற சீடர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி மூட்டை கட்டிவிட்டார்கள். குற்றாலிங்கம் போகவில்லை. அதற்காக அவரை மெச்சத்தான் வேண்டும்.

மடத்தில் அரிசி குறைவு. ஒரு நாளைக்கு ஒரு பானைக் கஞ்சிதான் காய்ச்ச முடியும்.

"இந்த நோயில யாருக்கு ஆபத்து அதிகம் சுவாமி? தெரிஞ்சா அவங்களுக்கு முதல்ல ஊத்திரலாமே," என்றார் குற்றாலிங்கம்.

"எனக்குத் தெரியலையே," என்றார் சுவாமி. "நீர் ஊரைச் சுத்திப் பார்த்துட்டு வந்து சொல்லும். நான் பானையைத் தூக்கிட்டுப் போறேன்."

நோய் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவது ஊர் வழக்கம். குற்றாலிங்கத்துக்கு அது போதும். தினமும் காலையில் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு போவார். எந்த வாசலில் புதிதாக வேப்பிலை தொங்குகிறது என்று தெருமுனையில் நின்றே பார்த்து வந்து சொல்வார். சுவாமி அந்த வீடுகளுக்குப் போய்க் கஞ்சி ஊற்றிவிட்டு வருவார். குற்றாலிங்கம் ஒரு நோயாளியைக்கூடத் தவறவிட்டதில்லை.

அந்த ஊரில் துணி வெளுக்கிறவள் மாடத்தி. அறுபது வயது, தனிக்கட்டை, ஆற்றோரம் ஒதுங்கிய குடிசை. பேதியில் கிடந்தவர்களின் துணியையெல்லாம் ஊர் அவள் தலையில்தான் கட்டியது. கட்டிவிட்டு, நோயாளித் துணியைத் தொட்டவள் தெருப்பக்கம் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. அந்தியில் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கித்தான் அவள் வயிற்றைக் கழுவுவாள். அது நின்றுபோயிற்று. வெட்கங்கெட்ட ஊர், வேறென்ன சொல்ல!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மடத்து வாசலுக்கு வந்தாள். சுவாமி ஊருக்குள் போயிருந்தார்.

"சாமி, கொஞ்சம் கஞ்சி ஊத்துங்க. தண்ணியைக் குடிச்சே நாலு நாளை ஓட்டிட்டேன்."

குற்றாலிங்கம் பத்தடி தள்ளி நின்று கேட்டார். "வாந்தி உண்டா? வயித்தால போகுதா?"

"ஒண்ணும் இல்ல சாமி. பசிதான்."

"அப்ப உனக்கு ஆபத்து இல்ல. சந்தோஷப்படு. கஞ்சி நோயாளிக்குத்தான். வேப்பிலை கட்டின வாசலுக்குத்தான் போகும்."

அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துத் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை அவள் குடிசை வாசலில் வேப்பிலை தொங்கியது.

ஆற்றுக் கரைமேல் நின்று பார்த்த குற்றாலிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டை அவர் சுவாமியிடம் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை சுவாமி தாமதமாக வந்தார். வெறும் பானையை இறக்கிவைத்தார்.

"இன்னிக்குக் கீழ்த்துறையில குளிக்கப் போயிருந்தேன். மாடத்தி வாசல்ல வேப்பிலை தொங்குது. காஞ்சு சருகாயிட்டுது. நீர் பார்க்கலையா?"

"பார்த்தேன் சுவாமி. திங்கட்கிழமையே பார்த்தேன்."

"சொல்லலையே?"

"அவளுக்கு நோய் கிடையாது சுவாமி. முந்தின நாள்தான் இங்க வந்து, ஒண்ணும் இல்லன்னு அவ வாயாலயே சொல்லிட்டுப் போனா. மறுநாள் தழையைக் கட்டிக்கிட்டா. உயிருக்குப் போராடுறவன் கஞ்சியைப் பிடுங்கப் பார்க்கிறா. என்ன துணிச்சல்! இவளுக்கு ஊத்தினா நாளைக்கு ஊரே தழை கட்டும்."

"நீர் சொல்றது சரிதான். அவளுக்கு நோய் இல்ல. உள்ள போய்ப் பார்த்துட்டுத்தான் வரேன். தரையில ஒரு துளி வாந்தி இல்ல. பாயில ஒரு கறை இல்ல."

"நான்தான் சொன்னேனே சுவாமி!"

"மண்வெட்டியை எடும். இருட்டுறதுக்குள்ள குழி வெட்டணும்."

குற்றாலிங்கத்துக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ சுவாமி... அவ என்கிட்ட பொய் சொன்னாளே. அதனாலதானே நான்..."

சுவாமி திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் உயரவில்லை.

"பசின்னு நிஜத்தைச் சொன்னா. நோய்க்குத்தான் கஞ்சின்னு அனுப்பிட்டீர். நோய்னு பொய்யைச் சொன்னா. பொய்க்குக் கஞ்சி இல்லன்னுட்டீர். அவ வேற என்னத்தைச் சொல்லியிருக்கணும், குற்றாலிங்கம்?"