மாசிலாமணி வீட்டு ஐந்தாவது ஆட்டக்காரர்

திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் அறிவொளி நகர் என்று ஒரு காலனி. அந்தப் பெயரை வைத்த மகராசன் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் கையைப் பிடித்து இழுத்துவந்து, நான்காம் தெரு மாசிலாமணி வீட்டுக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைக்க வேண்டும். மறுநாளே ஏணியோடு வந்து பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவான்.

மாசிலாமணி பூட்டுக்கடைக்காரர். திருட்டுப் பயம் இருக்கக்கூடாது என்று கடைச்சாவியைக் கடைக்குள்ளேயே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கிய ஆள். ஆறு நாளும் கடையில் வாங்க வருகிறவன் திட்டுவான், வீட்டில் பெண்சாதி பவளக்கொடி திட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான் அவர் ஒரு மனுஷன். அன்றைக்கு வட்ட மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, "போடுங்கய்யா சீட்டை" என்பார். மூன்று பேர் கேட்பார்கள். அவர் சொல்லி யாராவது கேட்பது அந்த மேசையில் மட்டும்தான்.

அந்த மூன்று பேரின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தெய்வசிகாமணி, பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில் இன்னும் ஓய்வு பெறவில்லை. இரண்டாவது குப்புராஜ், மாவு மில் வைத்திருக்கிறவர். மூன்றாவது ஜெபராஜ், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். சீட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துப் பிடித்தே எல்லாச் சீட்டையும் வளைத்துவிட்டவர்.

ஆடுவது போக்கர். துபாய் மருமகன் கற்றுக்கொடுத்தது. காசு கிடையாது, புளியங்கொட்டைதான் பந்தயம். போக்கர் என்றால் கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் பெரிதாக இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். இவர்களோ, "இப்ப நான் ஏமாத்தப் போறேன், எல்லாரும் ஏமாறணும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏமாற்றுவார்கள். மற்றவர்களும் மரியாதைக்காக ஏமாறுவார்கள்.

சண்டை வருவது சீட்டைக் கலைக்கிறதில்தான். யார் கலைத்தாலும், கலைத்தவன் ஜெயித்தால் திருடன். போன வாரம் ஜெபராஜ் கலைத்தார், ஜெபராஜே ஜெயித்தார். டிரில் மாஸ்டர் விசில் ஊதினார். குப்புராஜ் வடைத் தட்டை வீசினார். அது போய்ப் பவளக்கொடியின் புது எவர்சில்வர் குடத்தில் 'ணங்' என்று விழுந்து ஒரு பள்ளம் போட்டது.

அவள் அடுப்படியிலிருந்து வந்து, குடத்தைப் பார்த்தாள், நாலு பேரையும் பார்த்தாள்.

"இங்க பாருங்க. இனிமே சீட்டுக் கலைக்கிறதுல சத்தம் வந்துச்சுன்னா மேசை தெருவுல கெடக்கும். சொல்லிட்டேன்."

மாசிலாமணி கணக்குப் போட்டுப் பார்த்தார். மேசை போனால் ஞாயிறு போச்சு. ஞாயிறு போனால் அவர் யார்? அன்றைக்கே மருமகனுக்கு ஃபோன் போட்டு அழாத குறையாகச் சொன்னார். அந்தப் பிள்ளையும் ஊருக்கு வந்த யாரிடமோ ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டான். டிபன் டப்பா அளவு. இரண்டு பக்கமும் தட்டு, நடுவில் ஓர் அறை, மேலே ஒரு பட்டன். சீட்டை வைத்து அமுக்கினால் தானே கலைத்துக் கொடுத்துவிடும். கூடவே வாட்ஸப்பில் குரல் பதிவும் வந்தது.

"மாமா, வளைஞ்ச சீட்டுப் போடாதீங்க, நிமித்திக்கங்க. கட்டைச் சமபாகமா ரெண்டாப் பிரிச்சு ரெண்டு தட்டுலயும் வைங்க. பட்டனை அமுக்குங்க. ஓடும்போது கை வைக்காதீங்க. முடிஞ்சதும் நல்லாக் கலைஞ்சிருக்கான்னு பாத்துக்கங்க. அவ்வளவுதான்."

ஞாயிறு மத்தியானம் நாலு பேரும் எழுந்து நின்று கேட்டார்கள்.

"சொன்னதுல ஒரு எழுத்து மாறக்கூடாது. மிஷின் சமாச்சாரம்" என்றார் டிரில் மாஸ்டர்.

முதலில் வளைந்ததை நிமிர்த்த வேண்டுமே. பவளக்கொடி மாடியில் துணி காயப்போடப் போயிருந்த நேரம் பார்த்து, மாசிலாமணி இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்தார். முதல் சீட்டு ஆர்ட்டின் ராணி. இஸ்திரிப் பெட்டியை அதன் முதுகில் வைத்துவிட்டு, சூடு போதுமா போதாதா என்று நாலு பேரும் பேசினார்கள். பேசி முடிவதற்குள் ராணியின் முதுகில் கறுப்பாக முக்கோணத் தழும்பு விழுந்துவிட்டது.

"போச்சு! இனிமே ராணி யார் கையில இருக்குன்னு பின்னாடி பாத்தாலே தெரிஞ்சிரும்" என்றார் ஜெபராஜ்.

"தெரிஞ்சா சண்டை வருமே" என்று பதறினார் மாசிலாமணி.

குப்புராஜ்தான் வழி கண்டுபிடித்தார். "ஒருத்திக்கு மட்டும் தழும்பு இருந்தாத்தானண்ணே வித்தியாசம்? எல்லாருக்கும் போட்டுட்டா?"

அட, எப்பேர்ப்பட்ட மூளை! அந்த மூளையை மில்லில் போட்டு அரைத்தாலும் ஒரு கரண்டி மாவு தேறாது. மிச்சமிருந்த ஐம்பத்தொரு சீட்டுக்கும் அதே இடத்தில், அதே அளவுக்கு, பொறுமையாகச் சூடு போட்டார்கள். கூடமெல்லாம் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். நியாயம் என்றால் இதுதான் நியாயம் என்று மாசிலாமணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்தது சமபாகம். ஜெபராஜ் எண்ண ஆரம்பித்தார். டிரில் மாஸ்டர் தடுத்தார்.

"எண்ணிக்கை வேற, சமம் வேற. ராஜா சீட்டுல எவ்வளவு மை இருக்கு! கிரீடம், தாடி, வாள். ரெண்டாம் நம்பர்ல என்ன இருக்கு? ரெண்டும் ஒரே எடை இருக்குமா?"

"இருக்காது மாஸ்டர்."

குப்புராஜ் மில்லுக்கு ஓடிப்போய்த் தட்டுத் தராசைத் தூக்கிவந்தார். இந்தப் பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் ஒரு சீட்டு, அந்தப் பக்கம் தாழ்ந்தால் அந்தச் சீட்டைத் திரும்ப எடு. வடை எண்ணெய் குடித்த சீட்டெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டதோ என்னவோ, முள் நடுவுக்கு வரவே மாட்டேன் என்றது. கடைசியில் ஒரு புளியங்கொட்டையை இடது தட்டில் வைத்ததும் நின்றது பாருங்கள், மயிரிழை பிசகாமல்.

"சமபாகம்!" என்று விசில் ஊதினார் மாஸ்டர். அப்படியே கொட்டையோடு எடுத்துப் பெட்டியில் வைத்தார்கள். எடுத்துவிட்டால் சமம் போய்விடுமாம்.

இனி பட்டன். கையால் அமுக்கினால், ஓட ஆரம்பிக்கும்போது கை மேலே இருக்குமே? மருமகன் கை வைக்காதீங்க என்று சொல்லியிருக்கிறாரே? மாஸ்டர் தரையில் மல்லாந்து படுத்து, காலை மேசைக்கு உயர்த்தி, கட்டைவிரலால் பட்டனைத் தேடினார். முதலில் காபி டம்ளர் கவிழ்ந்தது. அப்புறம் மாசிலாமணியின் மூக்குக் கண்ணாடி. மூன்றாவதாகத்தான் பட்டன் கிடைத்தது.

பெட்டி 'கரகர' என்று அலறி, புளியங்கொட்டையைச் சுண்டி ஜெபராஜின் நெற்றியில் அடித்தது. அப்புறம் சர்ரென்று சீட்டை எல்லாம் கலைத்து நடு அறையில் போட்டுவிட்டது. அது பாவம், தன் வேலையைச் சரியாகச் செய்தது. அந்த வீட்டில் அன்றைக்கு மூளையோடு இருந்தது அது ஒன்றுதான்.

"கலைஞ்சிருக்கான்னு பாக்கணுமே" என்றார் மாசிலாமணி.

அத்தனை சீட்டையும் மேசையில் மல்லாக்கப் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நன்றாகத்தான் கலைந்திருந்தது. வரிசையாகத் திரும்ப அடுக்கி, போடப் போகும்போது ஜெபராஜ் கையைப் பிடித்தார்.

"அண்ணே, எந்தச் சீட்டு எங்க இருக்குன்னு எல்லாரும் பாத்துட்டோமே?"

"ஆமா! அப்ப மறுபடி கலைக்கணும்."

மறுபடி தராசு, மறுபடி கொட்டை, மறுபடி மாஸ்டர் மல்லாந்தார். கலைத்து முடிந்ததும் மறுபடி பரப்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டதால் மறுபடி கலைத்தார்கள். ஒரு ஆட்டம் ஆடவில்லை, ஒரு கொட்டை பந்தயம் வைக்கவில்லை, சாயங்காலக் காபி வந்து ஆறியும் போய்விட்டது. மாஸ்டரால் காலைத் தூக்க முடியவில்லை. ஜெபராஜின் நெற்றி புடைத்துவிட்டது.

மாசிலாமணி மருமகனுக்கே ஃபோன் போட்டார். அந்தப் பிள்ளை தலையில் அடித்துக்கொண்டிருப்பான், சத்தம் கேட்கவில்லை.

"அதையெல்லாம் பாக்க வேணாம் மாமா! சும்மா அமுக்குங்க, ஆடுங்க. வீட்டு ஆளு மாதிரி நெனச்சு நம்பி விட்டுடுங்க."

ஃபோனை வைத்ததும் மாசிலாமணிக்கு உறுத்தியது. "வீட்டு ஆளுன்னு சொல்றாரு. வீட்டு ஆளை வேலை மட்டும் வாங்கிட்டு, ஆட்டத்துல சேக்காம இருக்கிறது முறையா?"

"முறையே இல்ல" என்றார் குப்புராஜ், கண் கலங்கி.

ஐந்தாவதாக ஒரு நாற்காலி போட்டார்கள். மேலே இரண்டு தலையணை, அதன் மேல் பெட்டி. முன்னால் ஒரு டம்ளர் காபி. புது ஆள் வெறுங்கையோடு உட்காரக் கூடாது என்று ஆளுக்குக் கொஞ்சம் புளியங்கொட்டையும் கொடுத்தார்கள். சீட்டைக் கவிழ்த்தபடியே ஐந்து ஐந்தாகப் போட்டு, அதன் பங்கை அதன் முன்னால் வைத்தார்கள்.

மாஸ்டர் இரண்டு கொட்டையை நடுவில் தள்ளிவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். பெட்டி மூச்சு விடவில்லை.

"பயப்படுதா?"

"கண்ணே சிமிட்டல மாஸ்டர்" என்று கிசுகிசுத்தார் ஜெபராஜ்.

"சீட்டைக்கூட எடுத்துப் பாக்கல. பாக்காமயே இவ்வளவு தைரியம்னா, உள்ள என்ன இருக்கும்?"

மாஸ்டர் நடுங்கிப்போய்ச் சீட்டைக் கவிழ்த்து, தோற்றேன் என்று ஒதுங்கிக்கொண்டார். ஜெபராஜ் கவிழ்த்தார். குப்புராஜ் கையில் ஜெயிக்கிற மாதிரி மூன்று ஏஸ் இருந்தது, அவரும் கவிழ்த்தார். மாசிலாமணி கடைசிவரை முறைத்துப் பார்த்தார். வாடிக்கையாளர், பெண்சாதி, எல்லாருடைய முறைப்பையும் தாங்கியவர், இந்தப் பெட்டியின் முறைப்பைத் தாங்க முடியாமல் கவிழ்த்தார். பெட்டியின் சீட்டைத் திருப்பினால் இரண்டு, ஐந்து, ஏழு, ஒன்பது, ஜாக்கி. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை!

"அடேயப்பா, என்னமா ஏமாத்துது!" என்றார் குப்புராஜ்.

அடுத்த ஆட்டமும் அதுதான் ஜெயித்தது. அதற்கடுத்ததும். வீட்டிலிருந்த கடைசிப் புளியங்கொட்டை அதன் முன்னால் போய்ச் சேர்ந்தபோதுதான் ஜெபராஜுக்கு உறைத்தது.

"அண்ணே, கலைச்சது யாரு?"

"அதுதான்."

"ஜெயிச்சது யாரு?"

"அதுதா... ஐயோ!"

"திருடன்!" என்று கத்த வாயெடுத்தார் ஜெபராஜ். மாசிலாமணி பாய்ந்து வாயைப் பொத்தினார். "மெதுவா, மெதுவா! மேசை போயிரும்!" நாலு பேரும் குசுகுசுவென்று சண்டை போட்டார்கள். குசுகுசுவென்று பெட்டியைத் திட்டினார்கள். அது பதிலே பேசாததில் மாஸ்டருக்கு ரத்தம் கொதித்து, தன்னை மறந்து விசிலை ஊதித் தொலைத்தார்.

பவளக்கொடி வந்து நின்றாள். தலையணை மேல் பெட்டி, அதற்கு முன்னால் காபி, புளியங்கொட்டைக் குவியல், முதுகில் சூடு வாங்கிய சீட்டுக்கட்டு.

"யாருக்கும் யாருக்கும் சண்டை?"

"எங்களுக்குள்ள சத்தியமா இல்ல, பவளம்" என்றார் மாசிலாமணி. "நாங்க நாலு பேரும் ஒத்துமையா இருக்கோம். இதுதான் கலைக்கிறதுல திருட்டுத்தனம் பண்ணுது."

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். இந்த மனுஷனோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியதை நினைத்து அவளுக்கே அவள்மேல் பரிதாபம் வந்தது.

"அப்ப அதை வெளிய அனுப்புங்க. மேசை இருந்துட்டுப் போகட்டும்."

மாசிலாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேசை பிழைத்தது! ஞாயிற்றுக்கிழமை பிழைத்தது! பெட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் கேட்டுக்கு வெளியே தெருவில் வைத்தார்கள். ஜெயித்த கொட்டையை ஒன்று விடாமல் அதன் மடியில் கொட்டினார்கள். திருடனாக இருந்தாலும் அடுத்தவர் பொருள் நமக்கெதற்கு?

திரும்பி வந்து கம்பீரமாக உட்கார்ந்து, "போடுங்கய்யா சீட்டை" என்றார் மாசிலாமணி.

யாரும் போடவில்லை.

"எப்படிண்ணே? அஞ்சு பேர் ஆட்டம். ஒரு ஆளு குறையுதே" என்றார் குப்புராஜ்.

"புளியங்கொட்டையும் அவர்கிட்டதான இருக்கு?" என்றார் ஜெபராஜ்.

மாசிலாமணி யோசித்தார். அவர் யோசித்தாலே எனக்குப் பயம். "அவரு உள்ள வரக்கூடாது, அவ்வளவுதான? நாம வெளிய போகக்கூடாதுன்னு பவளம் சொல்லலியே?"

ஆளுக்கு ஒரு கால் பிடித்து, மேசையை அவர்களே தூக்கிக்கொண்டுபோய் நடுத்தெருவில், பெட்டிக்கு முன்னால் போட்டார்கள். பவளக்கொடி வாசல்வரை வந்து பார்த்தாள். கேட்டைச் சாத்திப் பூட்டைப் போட்டாள். 'க்ளிக்'.

"நம்ம கடைப் பூட்டு. சத்தத்தைக் கேட்டீங்களா?" என்றார் மாசிலாமணி பெருமையாக.

அப்புறம் பெட்டியின் பக்கம் குனிந்து, பவ்யமாகக் கேட்டார்: "தம்பி, நடந்தது நடந்துபோச்சு. ஆளுக்கு நாலு கொட்டை கொடுத்தீங்கன்னா ஆட்டத்தை ஆரம்பிச்சிடலாம்."

பெட்டி கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. மாஸ்டர் அதன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"வாயே திறக்கல. இந்தத் தடவை நெசமாவே பெரிய சீட்டு வெச்சிருக்கான் போல."

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, தோற்றோம் என்று கையைக் கவிழ்த்துவிட்டார்கள். சீட்டு இன்னும் போடவே இல்லை.