சட்டைப்பையில் இருந்த சீட்டு

“அம்மா, ஒரு சொல்லு என்னைத் தூங்க விடமாட்டேங்குது.”

பரிசலை விட்டு இறங்கியதும் சென்னியப்பன் சொன்ன முதல் வார்த்தை இதுதான். வணக்கம்கூட அப்புறம்தான் வந்தது.

காவிரியின் நடுவே ஒரு திட்டு. திட்டில் ஒரு குடிசை. குடிசையில் செவ்வந்தியம்மா என்ற துறவி. அவளுக்கு நாற்பது வயது. தேடி வந்தவருக்கு எழுபத்திரண்டு. ஞானத்தில் ஏது மூப்பு இளமை என்று வந்துவிட்டார்.

“எந்தச் சொல்லுங்க?”

“ரன்.”

“கிரிக்கெட்டுல எடுக்கறாங்களே, அதுங்களா?”

“அதுவும்தான்” என்று பெருமூச்சு விட்டார்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். பதினான்கு வருஷமாக ஆங்கில - தமிழ் அகராதி ஒன்றைத் தொகுக்கிறார். மற்ற சொற்கள் எல்லாம் முடிந்து அச்சகத்தில் காத்திருக்கின்றன. இது ஒன்றுதான் பாக்கி. ஒரு கண் போய்விட்டது. இன்னொரு கண்ணுக்கு டாக்டர் ஒரு வருஷம் கெடு சொல்லியிருக்கிறார்.

“படிங்க. கேக்கறேன்.”

அவர் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ‘ரன்’ என்ற அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். ஓர் அர்த்தத்துக்கு ஒரு சீட்டு. மேலே அர்த்தம். நடுவில், அதை நம் சனங்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு வாக்கியம். அடியில், சொன்னவர் பெயர்.

“நானா ஒரு வாக்கியமும் எழுதமாட்டேனுங்க. அந்தக் காரியத்துல கிடந்து உழல்றவங்க வாயில இருந்துதான் எடுப்பேன். அது என் நேர்மை.”

அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது. நிமிரட்டும். பதினான்கு வருஷம் சும்மாவா?

படிக்க ஆரம்பித்தார்.

“கொழந்தைக்கு மூக்கு ஒழுகுது. சொன்னவர், பழனாத்தாள்.”

“மோட்டார் ஓடுது, தண்ணிதான் ஏறமாட்டேங்குது. சொன்னவர், தோட்டத்து ரங்கசாமி.”

“ஜமுக்காளத்துல சாயம் ஓடிருச்சு. சொன்னவர், சாயப்பட்டறை காதர்.”

“இந்த வாட்டி எலெக்‌ஷன்ல நிக்கறேன். சொன்னவர், கவுன்சிலர் குப்பண்ணன்.”

“இது எப்படிங்க இதுல வந்துச்சு?”

“இங்கிலீஷ்ல எலெக்‌ஷனுக்கு ஓடுவாங்கம்மா. நாமதான் நிக்கறோம்.”

“நின்னு ஜெயிச்சதுக்கு அப்புறம்தான் நம்மாளு ஓடறான்” என்றாள் செவ்வந்தியம்மா. இருவரும் சிரித்தார்கள்.

மார்கழி மாதம். ஆற்றின் மேல் பனி படுத்திருந்தது. இரண்டு பக்கமும் கரை தெரியவில்லை. அவர் படித்துக்கொண்டே இருந்தார். கடை ஓடியது, காய்ச்சல் ஓடியது, கதை ஓடியது. சில சமயம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சில சமயம் அவரே படித்தபடி தூங்கிப்போனார். தூக்கத்திலும் யாரோ விட்ட இடத்திலிருந்து படித்தார்கள். அது ஆறாகவும் இருக்கலாம்.

மூன்றாம் நாள் காலையில் கடைசிச் சீட்டும் முடிந்தது.

“இவ்வளவுதானுங்க. ஆனா முடிஞ்ச மாதிரியே இல்லை. என்னமோ ஒண்ணு குறையுது.”

“குறையலீங்க. உங்க சட்டைப்பையில இருக்குது.”

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. மூன்று நாளாகப் படிப்பை நிறுத்தும்போதெல்லாம் அந்தக் கை அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

எடுத்தார். பழுப்பேறிய சீட்டு.

மேலே, ‘வீட்டை விட்டு ஓடிப்போதல்.’

நடுவில், ‘மணிமொழி ஓடிப்போயிட்டா.’

அடியில், ‘சென்னியப்பன்.’

“மணிமொழி யாருங்க?”

“என் மக. ஒரே மக.”

மீதியை அவரே சொன்னார்.

“அகராதி ஆரம்பிச்ச வருஷம். வேற சாதிப் பையன். ஆகாதுன்னுட்டேன். மறுநாள் விடியக்காலம் வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுச்சு. மேசையில எழுதிக்கிட்டு இருந்தேன். எந்திரிக்கலீங்க.”

“இப்ப எங்க இருக்காங்க?”

“மேட்டூர்ல. ரெண்டு மணி நேரம், பஸ்ல.”

“விலாசம் தெரியுங்களா?”

“மனப்பாடமாத் தெரியும்.”

சொல்லிவிட்டு அழுதார். அத்தனை அர்த்தம் தெரிந்த மனிதர் சின்னப் பிள்ளைபோல முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

“சாயம் ஓடுனதைச் சாயக்காரர் சொன்னார். மோட்டார் ஓடுனதைத் தோட்டத்துக்காரர் சொன்னார்” என்றாள் செவ்வந்தியம்மா. “இந்த ஒண்ணை மட்டும் எந்திரிக்காம உக்காந்திருந்தவர் சொல்லியிருக்கார்.”

அவர் கையிலிருந்து சீட்டை வாங்கினாள். அதன் அடி விளிம்பை ஆற்றில் நனைத்தாள். பேனா மை கரைந்தது. சென்னியப்பன் என்ற பெயர் நீலமாக ஒரு சாண் தூரம் நீரில் போனது. பிறகு அதுவும் இல்லை.

“ஐயையோ! என்னங்கம்மா பண்றீங்க?”

“பேரு போயிருச்சுங்க. சொல்ல வேண்டியவங்களைக் கேட்டு எழுதிக்கிட்டு வாங்க. பெட்டி இங்கயே இருக்கட்டும்.”

அவளே துடுப்புப் போட்டாள். பனிக்குள் பரிசல் மெல்லச் சுற்றியது. முன்னால் போகிறோமா பின்னால் போகிறோமா என்று அவருக்குப் புரியவில்லை. பதினான்கு வருஷமும் அந்த வெள்ளைக்குள்தான் எங்கேயோ இருந்தது.

மேட்டூரில் நல்ல வெயில். கதவைத் திறந்தவளுக்குத் தலையில் நரை ஓடியிருந்தது. அவள் அப்பா என்று கூப்பிடவில்லை. உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் அவருக்கு மறந்துபோனது. கண்டக்டரிடம் டிக்கெட்டைக் காட்டுவதுபோல ஈரம் காயாத சீட்டை நீட்டினார்.

“இது தப்பா இருக்குது கண்ணு. நீ சொன்னாத்தான் செல்லும். ஒரே ஒரு வாக்கியம்.”

மணிமொழி வாங்கிப் பார்த்தாள். ஒரு தரம் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

“நான் ஓடலீங்கப்பா” என்றாள். “பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துதான் போனேன். நீங்க பின்னாலயே வருவீங்கன்னு, மெதுவா.”