கடலை விரட்டிய கொட்டாப்புளியார்

நடுக்கடலில் வளையம் போல ஒரு பவளத்தீவு இருந்தது. உள்ளே அமைதியான காயல், வெளியே ஓயாமல் குதிக்கும் கடல். இரண்டையும் இணைக்க ஒரு வாய்க்கால். அந்தத் தீவில் கொட்டாப்புளியார் என்ற தேங்காய் நண்டு நாட்டாமை செய்துகொண்டிருந்தார். தேங்காயையே பிளக்கும் இடுக்கி அவருக்கு. உடம்பு பெரிது. வாய் அதைவிடப் பெரிது.

தேங்காய் நண்டுக்கு ஒரு சங்கடம் உண்டு. நண்டாகப் பிறந்தும் அதற்கு நீந்தத் தெரியாது. தண்ணீரில் மூழ்கினால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதிலும் ஓடு கழற்றும் காலம் வந்துவிட்டால் பாவம், மணலில் குழி தோண்டி, வாசலை அடைத்து, பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, புது ஓடு இறுகும்வரை உள்ளேயே படுத்துக் கிடக்க வேண்டும். அப்போது உடம்பு ஊறவைத்த அவல் மாதிரி இருக்கும். குழி காய்ந்திருந்தால் பிழைக்கலாம். நனைந்தால் அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர் கடலைக் கண்டு கொஞ்சம் பயந்திருக்க வேண்டாமா? பயமா! அவர் கடலுக்கே எசமான் ஆயிற்றே!

தீவின் நடுவில் ஒரு பழைய பாறை இருந்தது. அதன் உச்சியில் செத்துப்போன பவளம் ஒட்டிக்கிடந்தது. பவளம் தண்ணீருக்குள்தான் வளரும். அப்படியென்றால், ஒரு காலத்தில் கடல் அந்த உயரத்துக்கு நின்றிருக்கிறது, பிறகு இறங்கியிருக்கிறது. இவ்வளவுதான் சங்கதி. வேறு நண்டாக இருந்தால் "அப்படியா!" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் தின்னப் போயிருக்கும்.

கொட்டாப்புளியார் அப்படி விடுவாரா? "யார் இறக்கினது? என் பாட்டன்!" என்பார். "இடுக்கியைத் தூக்கி ஒரே ஒரு அதட்டல்! கடல் அலறியடிச்சுக்கிட்டு ஓடிச்சு!"

அதற்கு விழா வேறு. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் 'கடல் விரட்டு விழா'. சங்கு நண்டுகள் எல்லாம் முதுகில் சங்கைத் தூக்கிக்கொண்டு கரையில் வரிசையாக நிற்கும். கொட்டாப்புளியார் முன்னால் வந்து, "போ! போ!" என்று இடுக்கியை ஆட்டுவார். கடலும் மரியாதையாக இறங்கிப் போகும். கூட்டம் ஆரவாரம் செய்யும்.

விழாவுக்கு நேரம் குறிப்பது ஒண்டியப்பன் என்ற சங்கு நண்டின் வேலை. நிலாவைப் பார்த்து, கடல் தானாக வற்றத் தொடங்கும் வேளை எதுவோ, சரியாக அதையே நல்ல நேரம் என்று குறிப்பான். என்ன பொருத்தம் பாருங்கள்! அதற்குக் கூலியாகக் கரை ஒதுங்கும் சங்குகளில் பளபளப்பானது எதுவோ, அது அவனுக்கு.

இந்த முறை விழாவில் ஒரு சின்னக் கோளாறு. கொட்டாப்புளியார் ஆட்டினார், ஆட்டினார், இடுக்கி வலிக்க ஆட்டினார். கடல் இறங்கவில்லை. அவர் காலை நனைத்துவிட்டு, சாவகாசமாகத்தான் திரும்பியது.

"என்னடா ஒண்டியப்பா இது?"

"பயம் ஐயா, பயம்! உங்களைப் பார்த்ததும் கடலுக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அதான் தாமதம்!"

"அதானே பார்த்தேன்!" என்றார் கொட்டாப்புளியார். ஆனாலும் மனசுக்குள் ஒரு நடுக்கம். ஓடு கழற்றும் காலம் நெருங்கிவிட்டது. முதுகில் ஓடு இறுக்கிப் பிடித்தது. பாட்டன் காலத்துக் குழி கரையோரத்தில்தான் இருந்தது. உள்ளே போய் மணலைத் தொட்டுப் பார்த்தார். பிசுபிசுத்தது.

அப்போது வாய்க்காலில் இருந்து ஒரு குரல் கேட்டது. "என்ன நாட்டாமை, வீட்டுக்குள்ளே ஈரமா?"

பல்லழகி என்ற கிளிமீன்தான் அது. ஊர் வம்பு எல்லாம் அதன் வாயில்தான் இருக்கும். கிளி மூக்கு மாதிரி பல்லை வைத்துக்கொண்டு பவளத்தை நறுக் நறுக்கென்று கடித்தபடியே பேசும்.

"என் குழிக்கு என்ன? என் பாட்டன் கடலை விரட்டிய பரம்பரை..."

"அட, நிறுத்துங்க! உங்க பாட்டனை யார் கண்டா? கடல் ஒரு காலத்தில் எங்கேயோ ஆழத்தில் கிடந்தது. அப்புறம் ஏறிச்சு. பவளமும் கூடவே வளர்ந்து ஏறிச்சு. அந்தப் பாறைக்கு மேலேயும் நின்னுச்சு, அப்புறம் இறங்கிச்சு. இப்போ மறுபடியும் ஏறுது. யாரும் விரட்டவும் இல்லை, வெத்தலை பாக்கு வச்சு அழைக்கவும் இல்லை!"

"பொய்! அப்படின்னா இந்தத் தீவு எப்படித் தாங்கி நிக்குது?"

"நல்லாக் கேட்டீங்க! உயிரோட இருக்கிற பவளம் அலையை வெளியிலேயே உடைக்குது. நாங்க பழைய பவளத்தைக் கடிச்சு அரைச்சு, பின்பக்கமா மணலா விடுறோம். அலை அதைக் கொண்டுவந்து கரையிலே கொட்டுது. நீங்க நாட்டாமை பண்றது அந்த மணல் மேலேதான்!"

கொட்டாப்புளியார் காலடி மணலைக் குனிந்து பார்த்தார். அவருடைய பூர்வீக மண்! வீர மண்! விழாவுக்கு விழா எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ளும் மண்! அதுவா மீன் கழித்த கழிவு? விழா முடிந்து கரையில் நின்ற சங்கு நண்டுகளில் ஒன்று களுக்கென்று சிரித்துவிட்டது. அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கோவிச்சுக்காதீங்க. மேற்குப் பக்கம் புது மணல்மேடு வளர்ந்திருக்கு. உயரமா இருக்கு, காய்ஞ்சும் இருக்கு. இந்தத் தடவை அங்கே போய் ஓடு கழற்றுங்க, பிழைச்சுக்குவீங்க" என்றது பல்லழகி.

"உன் கழிவுக் குவியல்லே நான் படுக்கணுமா?"

"இப்போ மட்டும் எதிலே படுத்திருக்கீங்களாம்?"

இதற்கு மேல் ஒரு நாட்டாமை பொறுத்துக்கொள்ள முடியுமா? அன்றைக்கே தீர்ப்புச் சொன்னார். கிளிமீன் எதுவும் காயலுக்குள் வரக்கூடாது. வாய்க்காலை அடைக்க வேண்டும். அடைத்துவிட்டால் மீனும் வராது, கடலும் வராது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

"ஆகா! என்ன மூளை!" என்றான் ஒண்டியப்பன்.

"கல்லுக்கு எங்கே போறது?" என்று ஒரு சங்கு நண்டு கேட்டது.

"கண் இல்லையா உனக்கு? அதோ, தீவைச் சுத்திப் பவளம் சும்மாதானே கிடக்கு!"

கடல் வற்றும் வேளையில் பவளத்தின் விளிம்பு வெளியே தெரியும். கொட்டாப்புளியார் அதன்மேல் ஏறி நின்று, உயிருள்ள பவளத்தைத் தேங்காய் உடைப்பதுபோல உடைத்தார். சங்கு நண்டுகள் துண்டுகளை உருட்டிக்கொண்டு போய் வாய்க்காலில் போட்டன.

"ஐயோ, கையெடுத்துக் கும்பிடக்கூட எனக்குக் கை இல்லையே! அலையைத் தடுக்கிறதே அதுதான்! உடைக்காதீங்க!" என்று பல்லழகி வெளியிலிருந்து கத்தியது.

"பார்த்தாயா ஒண்டியப்பா? எதிரி கதறினால் நாம சரியான வழியிலே போறோம்னு அர்த்தம்!"

வாய்க்கால் அடைபட்டது. காயல் குட்டையானது. வெயிலில் தண்ணீர் சூடேறி நாற்றமெடுத்தது. உள்ளே இருந்த பவளம் வெளுத்துச் செத்தது. கரைக்குப் புதுமணல் வரவில்லை. கொட்டாப்புளியாருக்கு மட்டும் பரம திருப்தி. "இப்போ எவ்வளவு அமைதியா இருக்கு, பார்!" என்றார்.

சங்கு நண்டுகள் ஒவ்வொன்றாக மேற்கு மேட்டுக்குக் குடிபெயர்ந்தன. ஒண்டியப்பனும் கிளம்பினான்.

"நீயுமாடா?"

"சேச்சே! காத்து வாங்கத்தான் போறேன் ஐயா. சாயங்காலம் வந்துடுவேன்."

எந்தச் சாயங்காலம் என்று அவன் சொல்லவில்லை.

கொட்டாப்புளியாரால் இனிமேல் ஓடு கழற்றுவதை ஒத்திப்போட முடியாது. முதுகு ஓடு வெடிக்கத் தொடங்கிவிட்டது. மேற்கு மேட்டை ஒருமுறை பார்த்தார். போய்விடலாம் என்று கால் ஒரு அடி எடுத்தும் வைத்தது. மற்றவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பாட்டன் மானம் என்ன ஆவது? காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பாட்டன் குழிக்குள் இறங்கி, வாசலை மணலால் அடைத்து, ஓட்டைக் கழற்றினார். மெத்தென்று சதையாகக் கிடந்தார்.

ஒரு நடுப்பகலில் கடல் பொங்கியது. பெரிய புயல்கூட இல்லை, வருஷா வருஷம் வருகிற அலைதான். முன்பெல்லாம் பவள விளிம்பில் மோதி நுரையாகிப் போகும். இப்போது மோத அங்கே என்ன இருந்தது? நேராகக் கரைக்கு வந்தது. வாய்க்காலை அடைத்த துண்டுகளைக் கூழாங்கல்லைப் போலத் தள்ளியது. குழியின் கூரையும் மணலால் அடைத்த வாசலும் சரிந்தன. தண்ணீர் உள்ளே இறங்கியது.

"ஒண்டியப்பா! டேய் ஒண்டியப்பா! நாட்டாமை கூப்பிடறேன்டா!"

யாரும் வரவில்லை. மேற்கு மேடு காய்ந்திருந்தது. அங்கே ஒண்டியப்பன் அலைச் சத்தத்தில் எதுவும் காதில் விழாதவன்போல இருந்தான்.

தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது, குழி வாசலில் ஒரு கிளி மூக்கு தெரிந்தது. பல்லழகிதான். கரை இருந்த இடத்தில் இப்போது அது நீந்திக்கொண்டிருந்தது.

"பல்லழகி! தாயே! எப்படியாவது என்னைத் தூக்கி மேட்டிலே விடு! நீ சொன்னது எல்லாம் சரி! மணல் உன்னுதுதான்! ஊரைக் கூட்டிச் சொல்றேன்!"

பல்லழகிக்கு முதல்முறையாக வம்பு பேச வாய் வரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. "நான் எப்படித் தூக்குவேன் நாட்டாமை? எனக்கு இடுக்கி இல்லை. தீவிலேயே பலமான இடுக்கி உங்களுக்குத்தான் இருந்தது. அதை வச்சு, உங்களைக் காப்பாத்திக்கிட்டிருந்த பவளத்தைத்தான் நீங்க உடைச்சீங்க" என்றது.

கொட்டாப்புளியார் இடுக்கியை உயர்த்தினார். ஓடில்லாத அந்த இடுக்கி தண்ணீரில் துவண்டு மடிந்தது. தண்ணீர் அவர் தலைக்கு மேல் மூடியது.

தானாக நடந்ததைத் தன் வீரம் என்று சொல்லித் திரிகிறவன், ஆபத்து வரும்போது தன்னைத் தாங்கி நிற்பதையே தன் கையால் உடைத்து அழிவான்.